வேரும் மண்ணும் இழுவிசையும்: பற்றைகளையும் அடிக்கட்டைகளையும் கப் வாகனத்தால் அகற்றுதல்

முற்றிய பற்றையிலோ தறித்த மரத்தின் அடிக்கட்டையிலோ சங்கிலியைக் கட்டி, மறுமுனையைக் கப் வாகனத்தில் கொளுவி இழுக்கும்போது, இயந்திரத்தின் குதிரைவலுதான் கட்டையைக் கிளப்புகிறது என்று தோன்றும். உண்மையில் கட்டை வருமா வராதா என்பதை வேரின் அமைப்பு, மண்ணின் ஈரம், இழுக்கும் திசை ஆகிய மூன்றுமே பெரும்பாலும் முடிவுசெய்கின்றன. இவற்றைக் கவனித்துச் செய்தால் சாதாரண கப் வாகனமே பல வளவுகளுக்குப் போதும். கவனிக்காவிட்டால் சங்கிலி அறும், வாகனத்தின் சட்டகம் வளையும், ஆளுக்கும் ஆபத்து நேரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த வேலை அதிகம் தேவைப்பட்ட இடம் தெல்லிப்பழையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கும். 1990இல் போரினால் இங்கிருந்த மக்கள் இடம்பெயர்ந்தனர். பெரும்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாகியது. போர் முடிந்த பின்னரும் காணிகள் கட்டங்கட்டமாகவே திரும்பக் கிடைத்தன. 2015 முதல் விடுவிப்பு வேகம் பிடித்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதியும், 2018 ஏப்ரலில் மேலும் 683 ஏக்கரும் விடப்பட்டன. கால் நூற்றாண்டுக்கு மேல் கைபடாத வளவுகளுக்கு உரிமையாளர்கள் திரும்பியபோது, கூரையற்ற வீடுகளையும் கிணறுகளையும் பற்றைக்காடு மூடியிருந்தது. நாயுண்ணி, இப்பில் இப்பில், இலந்தை, தானாக முளைத்த வேம்பு, மதிலைப் பிளந்த அரசு, ஒருகாலத்தில் வேலியாக நின்று பின்னர் மரமாகிவிட்ட பூவரசு, கிளுவை என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

இத்தகைய காணியில் சங்கிலியைத் தொடுவதற்கு முன்னரே முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. போர்முனையாக இருந்த நிலத்தில் கண்ணிவெடியும் வெடிக்காத எறிகணையும் வேர்களுக்கிடையே கிடக்கலாம். ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002 முதல் இலங்கையின் வடக்கில் இவற்றை அகற்றிவருகின்றன. ஆனால் கண்ணிவெடி அகற்றிய நிலத்துக்கான சான்று குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைக்குமே பொருந்தும். கட்டை கிளம்பும் கிடங்கு அதனைவிட ஆழமாகப் போகும். சந்தேகத்துக்குரிய உலோகம் எதுவும் தென்பட்டால் அதைத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி விலகி, பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். கட்டையை நின்ற இடத்திலேயே தீமூட்டி எரிக்கும் பழக்கத்துக்கு இந்த நிலங்களில் இடமே கொடுக்கக்கூடாது. மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் வெடிக்க அந்தச் சூடு போதும்.

இனி வேருக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வேலிகள் கதியால் ஊன்றி வளர்க்கப்பட்டவை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை வெட்டி மழைக்காலத்தில் நட்டால் அவை வேர்விட்டு உயிர்வேலியாகும். விதையிலிருந்து முளைக்கும் செடி முதலில் கீழ்நோக்கி ஓர் ஆணிவேரை இறக்குகிறது. கதியாலுக்கு அந்த ஆணிவேர் இல்லை. வெட்டப்பட்ட தடியின் அடிப்பகுதியில் புறப்படும் வேர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், மேல்மண்ணுக்குள்ளேயே ஓடுகின்றன. ஆகவே முப்பது வருடப் பூவரசங் கதியால் பருமனில் அச்சமூட்டினாலும், அதன் பிடி அகலமானது, ஆழமற்றது. அதே பருமனுள்ள, விதையில் முளைத்த வேம்போ இலந்தையோ வேறு வகை. அவற்றின் ஆணிவேர் மண்ணைக் கடந்து சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அங்கே பருத்து, கல்லோடு இறுகியிருக்கும். அவற்றை இழுக்கும்போது வேர் உருவிக்கொண்டு வருவதில்லை. அறுந்துதான் வரும், அல்லது வராது. கட்டையைப் பார்க்கும்போது அதன் பருமனைவிட அது நட்டதா முளைத்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும். பழைய வேலி எல்லையில் வரிசையாக நிற்பவை நட்டவை. வளவின் நடுவிலும் கிணற்றுக்கட்டிலும் ஒழுங்கின்றி நிற்பவை பெரும்பாலும் பறவை விதைத்தவை.

நிற்கும் மரத்தை நிலத்தோடு பிடித்துவைத்திருப்பது எது என்பதை பிரித்தானிய வனவியலாளர் எம். பி. கௌட்ஸ் 1980களில் அளந்து காட்டினார். சிற்கா ஸ்புரூஸ் மரங்களை வின்சினால் இழுத்து, வேர்களைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் விசையை அளந்தார். வேரோடு பெயரும் மண்தட்டின் எடை, சாயும் பக்கத்து வேர்கள் வளையாமல் கொடுக்கும் எதிர்ப்பு, மண்ணின் பிணைப்பு ஆகிய எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு, காற்று அடிக்கும் பக்கத்தில் இழுபட்டு விறைத்து நிற்கும் வேர்களுடையது என்று தெரிந்தது. வாகனத்தால் இழுக்கும்போது காற்றின் இடத்தை வாகனம் எடுத்துக்கொள்கிறது. எனவே முதலில் வெட்ட வேண்டியவை வாகனத்துக்கு எதிர்ப்புறம் ஓடும் வேர்கள். வாகனத்தின் பக்கத்தில் உள்ளவற்றை விட்டுவைத்தாலும் கட்டை அவற்றின்மேல் மடிந்து சரியும்.

ஒற்றை வேரின் வலிமையைக் கணக்கிட்டால் இந்த வெட்டு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். உயிருள்ள மரவேர்கள் பொதுவாக ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 100 முதல் 300 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்கும். நடுத்தரமாக 150 கிலோ என்று எடுத்துக்கொண்டால், 2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வேர் ஒன்று தனியாகவே ஏறத்தாழ 470 கிலோவைத் தாங்குகிறது. 4 சென்ரிமீற்றர் வேர் அதைப்போல் நான்கு மடங்கு.

இதற்கெதிராக வாகனத்திடம் இருப்பதைப் பார்க்கலாம். சுமை ஏற்றாத டபிள் கப் ஒன்றின் எடை சுமார் 1,900 கிலோ. இயந்திரம் முன்னால் இருப்பதால் பின்சில்லுகளின்மேல் விழுவது 800 கிலோ அளவுதான். இறுகிய காய்ந்த மண்ணில் ரயருக்கும் நிலத்துக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 0.6 எனக் கொண்டால், பின்சில்லு மாத்திரம் இயங்கும் நிலையில் வாகனம் இழுக்கக்கூடிய உச்ச விசை 480 கிலோ. அதாவது இரண்டு சென்ரிமீற்றர் வேர் ஒன்றின் வலிமை. அதற்கு மேல் இயந்திரம் எவ்வளவு திறனுள்ளதாக இருந்தாலும் சில்லு நின்ற இடத்தில் சுழன்று கிடங்கு தோண்டும். முதலாவது கியரிலேயே சில்லுக்குக் கிடைக்கும் விசை இந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், குதிரைவலுவைப் பற்றிய பேச்சு இங்கே பொருளற்றுப் போகிறது. நான்கு சில்லும் இயங்கினால் முழு எடையும் பயன்பட்டு எல்லை 1,140 கிலோவுக்கு உயரும். பின்பெட்டியில் பின்னச்சுக்கு மேலாக 600 கிலோ மண்மூட்டைகளை அடுக்கினால், பின்சில்லு இயக்கத்திலும் 840 கிலோ கிடைக்கும். இவ்வளவு மலிவாக இழுவிசையைக் கூட்டும் வழி வேறில்லை.

மண் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. தெல்லிப்பழையின் செம்பாட்டு மண் சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிய போர்வையாகக் கிடக்கிறது; சில இடங்களில் ஓரிரு மீற்றர், சில இடங்களில் ஒரு சாண்கூட இல்லை. கல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கு, 1950இல் நிறுவப்பட்ட காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்காக வெட்டப்பட்ட கற்குழிகளே சாட்சி. வெயில்காலத்தில் இந்தச் செம்மண் இறுகிப்போகும். மண்துகள்களுக்கு இடையில் எஞ்சிய சிறிதளவு நீர் மேற்பரப்பு இழுவிசையினால் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிப்பது இந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம். மழை பெய்து துளைகள் நீரால் நிறைந்ததும் அந்த இழுப்பு மறைந்து மண் தளர்கிறது. மரவள்ளியை ஈரமண்ணில் ஆட்டி உயர்த்திப் பிடுங்குகிறவர் பயன்படுத்துவது இந்தத் தளர்வைத்தான்.

குடாநாட்டின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கிடைக்கிறது. அந்தக் காலத்தில் வேரின் பிடி தளர்ந்திருக்கும், ஆனால் வாகனத்தின் பிடியும் சேர்ந்தே தளர்ந்துவிடும். சேற்றுச் செம்மண்ணில் உராய்வுக் குணகம் பாதிக்கும் கீழே இறங்கும். ஆகவே நல்ல வழி, காய்ந்த நாளைத் தெரிந்தெடுத்து, கட்டையைச் சுற்றி மட்டும் முதல்நாள் மாலையில் பாத்தி கட்டி நீர்விட்டு ஊறவைப்பது. மறுநாள் வேரின் கீழ் ஈரமும் சில்லின் கீழ் காய்ந்த தரையும் கிடைக்கும். நீர்விடுவதற்கு முன்பு அலவாங்காலும் மண்வெட்டியாலும் சுற்றிவரக் கிடங்கு எடுத்துப் பக்கவேர்களை வெளிப்படுத்தி வெட்டிவிட்டால், வாகனத்துக்கு மிஞ்சும் வேலை மிகக் குறைவு.

அடுத்தது திசை. மரத்தைத் தறிக்கும்போதே நிலமட்டத்தோடு அறுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. ஒன்றேகால் மீற்றர் உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவைத்தால் அது நெம்புகோலாகும். 480 கிலோ இழுவையை நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் கொடுத்தால் கட்டையைச் சாய்க்கும் திருப்பம் 96 கிலோ-மீற்றர் மட்டுமே. 120 சென்ரிமீற்றர் உயரத்தில் கொடுத்தால் 576. வாகனமும் அதே, சங்கிலியும் அதே, பயன் ஆறு மடங்கு. உயரத்தில் கட்டும்போது சங்கிலி நீளமாக இருக்க வேண்டும். சங்கிலி குட்டையாகவும் சரிவாகவும் இருந்தால் அது வாகனத்தின் பின்புறத்தை மேலே தூக்கி, சில்லின் பிடியைக் குறைத்துவிடும். 10 மீற்றர் சங்கிலியில் இந்த இழப்பு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைகிறது. கட்டை பெயர்ந்து வரும்போது வாகனம் எட்டவும் நிற்கும்.

நாயுண்ணி, சிறு இப்பில் இப்பில், பழைய குரோட்டன் போன்ற பற்றைகளுக்கு நெம்புகோல் ஆகக்கூடிய தண்டு இல்லை. அவற்றுக்கு மேல்நோக்கிய இழுவையே பொருத்தம். கிடையாக ஓடும் வாகனத்தின் இழுவையை மேல்நோக்கித் திருப்ப, பழைய ரிம் ஒன்று போதும். பற்றையின் அடியில் சங்கிலியைச் சுருக்கிட்டு, பக்கத்தில் ஒரு பலகையின்மேல் ரிம்மை நிமிர்த்தி நிறுத்தி, சங்கிலியை அதன் பள்ளத்தின் மேலாக எடுத்து வாகனத்தில் கொளுவ வேண்டும். வாகனம் நகர, ரிம் உருள, பற்றை மேலே எழும்பும். இழுவை பக்கவாட்டில் போனால் முன்னே உள்ள மண் முழுவதையும் வேர்த்தொகுதி தள்ளிக்கொண்டு நகர வேண்டும். மேலே போனால் அந்த மண் தடையாக நிற்பதில்லை. பலகை இல்லாவிட்டால் ரிம் ஊறிய மண்ணுக்குள் புதையும், ஏனெனில் அதன்மேல் விழும் கூட்டுவிசை சங்கிலியின் இழுவையைவிட 1.4 மடங்கு.

வாகனத்தைப் பின்னால் எடுத்து, சங்கிலியைத் தளர்த்தி, வேகமாக முன்னே பாய்ச்சி ஒரு வெட்டு வெட்டி இழுப்பதுதான் இந்த வேலையில் மிகவும் ஆபத்தான பழக்கம். அதனால் சிலவேளை கட்டை வருவதும் உண்மை. காரணம், உராய்வின் எல்லை ஓடிவரும் வாகனத்தின் உந்தத்துக்குப் பொருந்தாது. 2,000 கிலோ வாகனம் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சங்கிலியின் இறுக்கத்தில் 10 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நிறுத்தப்பட்டால், சங்கிலியில் எழும் சராசரி விசை எட்டு டன்னை நெருங்குகிறது. தூக்கு வேலைக்கென்று செய்யப்பட்ட தரம் 80 வகைச் சங்கிலியில் 8 மில்லிமீற்றர் பருமனுள்ளது பாதுகாப்பாகத் தாங்கும் சுமை 2 டன், அறும் சுமை 8 டன். கடையில் நிறுத்து விற்கும் சாதாரண இரும்புச் சங்கிலி இதற்கு மிகவும் கீழே. மணிக்கு 10 கிலோமீற்றர் என்பது சைக்கிளோட்டத்தைவிட மெதுவான வேகம் என்பதை நினைத்தால் இதன் ஆபத்து புரியும்.

நைலோன் கயிறு இன்னொரு வகை ஆபத்தைக் கொண்டுவருகிறது. அது தன் நீளத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் நீண்டு, அந்த ஆற்றலைத் தனக்குள் சேமித்து, அறுந்த கணத்தில் முழுவதையும் கொளுக்கியின் மீது கொட்டுகிறது. விடுபட்ட கொளுக்கி பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு சாரதியை எட்டலாம். சங்கிலியின் நடுவில் ஈரச்சாக்கைப் போடுவது, அறுந்தாலும் அதன் பாய்ச்சலைத் தணிக்கும். சங்கிலி நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எவரையும் நிற்கவிடக்கூடாது; சிறுவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடும் வேலை இது என்பதால் இந்த விதியில் தளர்வே கூடாது. கொளுவும் இடம் வாகனத்தின் சட்டகத்தில் பொருத்திய இழுவைக் கொளுக்கியாக இருக்க வேண்டும். பம்பரிலோ, ட்ரெயிலர் பூட்டும் குமிழிலோ, பின்பெட்டியின் விளிம்பிலோ கட்டக்கூடாது. நான்கு சில்லு இயக்கத்தில் குறைந்த கியரைப் போட்டு, சங்கிலி இறுகும் வரை ஊர்ந்து, பிறகு மெல்ல அழுத்திக் காத்திருக்க வேண்டும். வேர்கள் ஒரே நேரத்தில் அறுவதில்லை. சில நொடிகள் நிலையான விசையைக் கொடுத்தால் ஒவ்வொன்றாக அறுந்து மண் வெடிக்கும். சில்லு சுழலத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, இறங்கி, இன்னொரு வேரை வெட்டுவதே அடுத்த வேலை.

இழுப்பதற்கு முன் வாகனம் போகும் பாதையையும் நடந்து பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட வளவுகளில் கட்டில்லாத கிணறும் மூடி இற்றுப்போன மலக்குழியும் பற்றைக்குள் மறைந்திருக்கும். சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து உண்டாகும் பொந்துகளும் கீரிமலைப் பக்கம் புதியவை அல்ல. இரண்டு டன் வாகனத்தை அவற்றின்மேல் ஓட்டிப் பார்த்து அறிந்துகொள்ள முடியாது; அலவாங்கால் தட்டிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும்.

சில கட்டைகளை இழுக்கவே வேண்டியதில்லை. பனை ஒற்றைத்தண்டு மரம். தறித்த பின் அடியிலிருந்து தளிர்ப்பதில்லை. அதன் நூற்றுக்கணக்கான நார்வேர்கள் எல்லாத் திசைகளிலும் மண்ணைக் கட்டிப் பிடித்திருப்பதால், கப் வாகனத்தால் அதை அசைப்பதும் நடவாது. பனையைத் தறிப்பதற்கே அனுமதி வேண்டும் என்பது தனி விடயம். எறிகணைபட்டுத் தலையிழந்து நின்ற பனைகளின் அடிகள்தான் இங்கே பெரும்பாலும் பிரச்சினை. நிலமட்டத்துக்குக் கீழே வெட்டி, மண்ணால் நன்றாக மூடினால் அவை உக்கிவிடும். மூடாமல் விட்டால் உக்கும் அடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, அயலிலுள்ள தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். மதிலிலும் கிணற்றுக்கட்டிலும் வேரோடிய ஆல், அரசு ஆகியவற்றை இழுத்தால் கட்டடமும் கூடவே வந்துவிடும். அவற்றை அடியோடு வெட்டி, தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளிக் களைப்படையச் செய்வதே வழி.

நாயுண்ணி விடயத்தில் இந்திய அனுபவம் ஒன்று மிகவும் பயனுள்ளது. தில்லிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர் சி. ஆர். பாபுவும் அவருடன் பணியாற்றியவர்களும், நாயுண்ணி மீண்டும் தளிர்ப்பது தண்டும் வேரும் சந்திக்கும் கழுத்துப் பகுதியிலிருந்தே என்று கண்டு, மண்மட்டத்துக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் கீழே ஆணிவேரை வெட்டி, பற்றையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும் முறையை உருவாக்கினர். கோர்பெற் புலிகள் காப்பகத்தில் அது கையாளப்பட்டது. முழு வேரையும் தோண்டத் தேவையில்லை. செம்பாட்டு மண்ணைக் குறைவாகக் கிளறும் எந்த முறையும் தெல்லிப்பழைக்கு ஏற்றது என்பதால், நாயுண்ணி மட்டும் நிற்கும் காணியில் வாகனத்தைவிட இதுவே மேல்.

மண்ணைப் பற்றிய இந்த அக்கறை பெக்கோ இயந்திரத்தைப் பற்றியும் சொல்லவைக்கிறது. விடுவிக்கப்பட்ட காணிகளில் வேலை விரைவாக முடிய ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள பெக்கோவே அழைக்கப்படுகிறது. கல்லுக்குள் இறங்கிய வேம்புக்கும் இலந்தைக்கும் அது தேவைதான். ஆனால் பற்றை முழுவதையும் அதன் வாளியால் வழித்து ஒரு மூலையில் குவிக்கும்போது, மேல்மண்ணும் வேரோடு வழிந்துபோய்ச் சுண்ணாம்புக்கல் தலைகாட்டுகிறது. புகையிலையும் வெங்காயமும் வாழையும் விளைந்த அந்தச் செம்மண் உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன; வழித்துப்போனதை லொறியில் ஏற்றிவந்து ஈடுசெய்ய முடியாது. கப் வாகனத்தால் ஒவ்வொன்றாக இழுத்து, வேரில் ஒட்டிய மண்ணைக் கிடங்கின் மேலேயே தட்டி உதிர்த்துவிட்டு அகற்றுவது மெதுவானது, ஆனால் மண் வளவிலேயே தங்கும்.

வராத கட்டையைச் சாகடிக்கப் பழைய என்ஜின் ஒயிலையோ டீசலையோ ஊற்றுவதும் கைவிடவேண்டிய வழக்கம். இங்குள்ள குடிநீர் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய நிலத்தடி நீர். கட்டையின் வேர் இறங்கிய அதே வெடிப்பு எண்ணெய்க்கும் பாதையாகும். அயலூரான சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று, 2019இல் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. அளவில் அதற்கும் ஒரு போத்தல் ஒயிலுக்கும் ஒப்பில்லை, ஆனால் நீர் போகும் வழி ஒன்றே. தோண்டாத கட்டைக்கு மாற்று வழி, அதை நிலத்தோடு அறுத்து, கறுப்புப் பொலித்தீனால் மூடி, விளிம்புகளுக்கு மண் போட்டு ஒளிபடாமல் வைத்திருப்பது. வேரில் சேமித்த மாப்பொருள் தீரும்வரை தளிர் முயன்று, பின்னர் ஓயும்.

கிளம்பிய கட்டை விட்டுச்சென்ற கிடங்கை அன்றே மூடவேண்டும். திறந்த கிடங்கின் அடியில் கல் தெரிந்தால், மழைநீர் மண்ணால் வடிக்கப்படாமலே அழுக்கோடு நேராக நிலத்தடிக்கு இறங்கும். தோண்டிய மண்ணையே அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, தரைக்குச் சற்று மேலாகக் குவித்துவிட்டால் ஒரு மாரிக்குப் பின் சமன்படும்.

அதன் பிறகு வருவது விதைகளின் முறை. இப்பில் இப்பில் விதையின் தோல் கடினமானது. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, பற்றை நீங்கி வெளிச்சமும் மழையும் கிடைத்ததும் கூட்டமாக முளைக்கும். வேம்பும் இலந்தையும் காயப்பட்ட வேரிலிருந்து புதுக்கன்றுகளை எழுப்பும். ஆடு கட்டினால் இப்பில் இப்பில் குழையை அது விரும்பித் தின்று தளிரை அடக்கிவைக்கும். மிஞ்சும் கன்றுகளைக் கார்த்திகை மழையில் மண் ஊறியிருக்கும்போது, முழங்காலளவு வளர்வதற்கு முன்னரே கையால் பிடுங்கிவிடலாம். ஆணிவேர் கல்லைத் தொட்டுவிட்டால், மறுபடியும் அலவாங்கும் சங்கிலியும் வேண்டியிருக்கும்.